சொல்தேடல்: புள்ளி வைத்த எழுத்தைப் பிடியுங்கள்

கேள்வி: செவ்வாய்க்கிழமைப் புதிரில் க, வி, ங், ரை, க், க, ள, ம், ல, க என்று பத்து எழுத்துகள் கொடுத்திருந்தீர்கள். அவற்றைச் சேர்த்து ஏழு சொற்கள் எடுத்துவிட்டேன். பத்தும் சேர்ந்த பெரிய சொல் மட்டும் இரவு வரை சிக்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: புள்ளி வைத்த எழுத்திலிருந்து. நான் புதிர் கட்டும்போதும் அங்கேதான் ஆரம்பிக்கிறேன். உயிர்மெய் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மெய்யெழுத்து அப்படியல்ல, பக்கத்தில் யார் என்று பார்த்துத்தான் உட்காரும். க், ச், த், ப் நான்கும் தன் வரிசையைத் தவிர வேறு எதையும் பின்னால் சேர்க்காது. க் என்றால் அடுத்து க, கா, கி, கு... அவ்வளவுதான். ங் வந்தாலும் அடுத்தது பெரும்பாலும் க வரிசையே.

இப்போது எழுத்துப் பெட்டியைப் பாருங்கள். 'க்க' ஒரு கட்டு, 'ங்க' ஒரு கட்டு. மூன்று ககரத்தில் இரண்டுக்கு வேலை கிடைத்துவிட்டது. பத்து எழுத்து எட்டுத் துண்டாகச் சுருங்கிவிட்டது. ம் இருக்கிறதே, அதற்குப் பின்னால் வருவதற்குப் பகரமோ யகரமோ இங்கே இல்லை. 'வி' இருந்தாலும் 'ம்வி' என்று ஒரு சொல்லை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆகவே ம் கடைசி நாற்காலிக்குத்தான்.

அடுத்து முதல் நாற்காலி. ள சொல்லுக்கு முதலில் வராது. மெய் மூன்றும் வராது. ல, ரை இரண்டும் பிறமொழிச் சொற்களில் வரலாம், ஆனால் இந்தக் கூட்டத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. மிச்சம் க, வி. பத்து வாசல் இருந்த வீட்டில் இரண்டு வாசல்தான் திறந்திருக்கிறது. வி வழியாகப் போனால் விலக, விலக்க, விளங்க, விளக்கம். க வழியாகப் போனால் கரை, கலம், களம், கலகம், கலக்கம், களங்கம்.

பெரிய சொல்லுக்கு இன்னும் ஒரு படி. நீளமான ஒன்றை எடுத்ததும் மிச்சம் என்ன என்று பாருங்கள். கலக்கத்தை எடுத்தால் ங், க, ரை, வி, ள மிஞ்சும், ஒன்றும் தேறாது. களங்கத்தை எடுத்தால் ல, ரை, வி, க், க, அதுவும் உதவாது. விளக்கத்தை எடுத்துப் பாருங்கள். க, ல, ங், க, ரை. கலங்கரைவிளக்கம்! "அது இரண்டு சொல்லாயிற்றே" என்று பலர் சண்டைக்கு வந்தார்கள். கூட்டுச்சொல்லைச் சேர்த்தெழுதுவது இந்தப் பெட்டியில் முதல் நாளிலிருந்தே உண்டு. ஆனாலும் அதைச் செவ்வாய்க்கிழமை போட்டது தப்புதான். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்க வேண்டிய சரக்கு.

கேள்வி: எனக்கு இலக்கணமே வராது. மெய், மயக்கம் (எந்த மெய்க்குப் பின் எது வரும் என்பது) என்றாலே தூக்கம் வருகிறது. என்னால் முடியுமா?

பதில்: 'ளகம்' என்று சொல்லிப் பாருங்கள். வாய் மறுக்கிறதல்லவா? நன்னூல் சொல்வதை உங்கள் நாக்கு எப்போதோ படித்துவிட்டது. அதனால்தான் புதிரை மௌனமாகப் போடாதீர்கள் என்கிறேன். கட்டுகளை முணுமுணுத்துக்கொண்டே போங்கள்.

கேள்வி: பெட்டியில் ழ் வந்தால் அன்றைய நாளே பாழ். என்ன செய்யலாம்?

பதில்: பாழ் என்று எழுதும்போதே ஒரு ழ் போட்டுவிட்டீர்கள்! ழ் வந்தால் நான் சந்தோஷப்படுவேன். ரகரமும் ழகரமும் இரட்டிக்கவே இரட்டிக்காது, அதனால் 'ழ்ழ' என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மாறாக ய், ர், ழ் மூன்றுக்கும் ஒரு சலுகை உண்டு. பின்னால் இன்னொரு மெய்யையும் சேர்த்துக்கொள்ளும். வாய்ப்பு, பார்த்தல், வாழ்க்கை, வாழ்த்து. ஆகவே பெட்டியில் ழ் இருந்து கூடவே க், த், ப் ஏதாவது இருந்தால் முதலில் அந்த இரண்டையும் ஒட்டிப் பாருங்கள். ட், ற் வேறு ரகம். தன் வரிசையோடு நிற்காமல் க, ச, ப வரிசைகளையும் சேர்த்துக்கொள்ளும்: வெட்கம், கட்சி, நட்பு, முயற்சி. 'ட்ட', 'ற்ற' மட்டும் தேடிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் இவற்றைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

கேள்வி: நான் ஆங்கில வேர்டில் (Wordle) ஆடுகிறவள். ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்க வேண்டும், சரியான இடத்தில் விழுந்த எழுத்து பச்சையாகும். ஆறு முயற்சியில் நான்காவதிலேயே கடைசி நான்கு எழுத்தும் பச்சையாகிவிடுகிறது, ஆனாலும் தோற்கிறேன். இது என்ன அநியாயம்?

பதில்: லைட், மைட், நைட், ரைட், சைட், ஃபைட், டைட். ight என்று முடியும் இந்தக் குடும்பத்திடம் மாட்டிக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். முதலெழுத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டால் மிச்சமுள்ள இரண்டு முயற்சியும் காலி. பச்சையை மறந்துவிட்டு, அந்த முதலெழுத்துகள் பலவற்றைச் சுமந்துகொண்டிருக்கும் வேறு சொல்லை ஐந்தாவதாகப் போடுங்கள். 'ஃபார்ம்ஸ்' (farms) போட்டால் எஃப், ஆர், எம், எஸ் நான்கின் கதையும் ஒரே அடியில் தெரிந்துவிடும். ஒரு முயற்சியை வேண்டுமென்றே தோற்பது மனசுக்குக் கஷ்டம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. (கிடைத்த பச்சையை விடாமல் பயன்படுத்தச் சொல்லும் கடினநிலையில் ஆடினால் இந்த வழி அடைபட்டுவிடும்.)

தமிழில் இதே ஆட்டத்தை அப்படியே எடுத்துப் போட முடியாது. அங்கே 26 எழுத்து, இங்கே 247. 'கி' என்று போட்டு விடை 'கு' என்றால் இந்த எழுத்தே இல்லை என்று வெறும் சாம்பல் நிறத்தைக் காட்டுவது கொடுமை. மெய் சரி, உயிர் தப்பு என்று தனியாகச் சொன்னால்தான் ஆட்டம் நகரும்.

கேள்வி: அரை மணி நேரம் முறைத்தும் ஒன்றும் தோன்றாவிட்டால்?

பதில்: முறைப்பதை நிறுத்துங்கள். எழுத்துகளை ஒரே வரிசையில் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதையே ஒரு சொல்லாக எடுத்துக்கொண்டு நகர மறுக்கும். நான் பழைய உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் வட்டமாக எழுதி, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். என் மனைவி எதிரே உட்கார்ந்து தலைகீழாகப் பார்த்தே "கலகம்" என்றாள். நான் கட்டிய புதிர், என் பட்டியலில் அந்தச் சொல் இல்லை!

கேள்வி: ல, ள சந்தேகத்தாலேயே பாதிச் சொற்களை விட்டுவிடுகிறேன்.

பதில்: இரண்டும் பெட்டியில் இருந்தால் அது வரம். ஒன்றைக் கண்டுபிடித்ததும் அடுத்ததை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கலம் இருந்தால் களம். விலக்க இருந்தால் விளக்க. ஒரு சொல் தேடினால் இரண்டு கிடைக்கிறது.

கேள்வி: அகராதியைப் பார்க்கலாமா?

பதில்: போட்டு முடித்த பிறகு தாராளமாக. முடிக்கும் முன் பார்த்தால் எனக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொள்ள வேண்டாம்.