இரண்டில் ஒன்று என்று ஏன் கேட்க வேண்டும்?

கேள்வி: இரும்பு மீக்கடத்திகளின் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் இரும்புச் சேர்மங்களின்) காந்தம் அணுவோடு தங்கிவிட்ட எலெக்ட்ரான்களிலிருந்து வருகிறதா, பொருள் முழுவதும் திரிகிற எலெக்ட்ரான்களிலிருந்து வருகிறதா? இத்தனை ஆண்டுகளாகியும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை என்றால் அது ஆராய்ச்சியின் தோல்விதானே?

பதில்: தோல்வி இல்லை. இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று இரும்புக்கு நாம் போட்ட நிபந்தனைதான் செல்லாது.

2008-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடியோ ஹோசோனோவின் குழு, லாந்தனம், இரும்பு, ஆர்செனிக், ஆக்சிஜன் சேர்ந்த பொருளில் ஃபுளோரினைக் கலந்து 26 கெல்வினில் மீக்கடத்தலைக் கண்டது. இரும்பின் காந்தம் மீக்கடத்தலைக் கெடுக்கும் என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. கலப்புக்கு முந்தைய தாய்ப்பொருளிலோ காந்த ஒழுங்கே இருந்தது.

இந்தக் குடும்பத்தில் அதிகம் ஆராயப்பட்ட பேரியம் இரும்பு ஆர்செனைடை எடுத்துக்கொள்வோம். சுமார் 140 கெல்வினுக்குக் கீழே அதன் இரும்பு அணுக்கள் ஒரு வரிசைக்குள் ஒரே முகமாகவும், அடுத்த வரிசையில் எதிர்முகமாகவும் காந்த அணிவகுப்புக் கொள்கின்றன. இந்தக் காந்தத்தில் ஓர் அணுவின் பங்கு ஒரு போர் மாக்னெட்டானுக்கும் (அணு அளவிலான காந்தத்தை அளக்கும் அலகு) குறைவு. வெறும் இரும்பில் அது 2.2. தாய்ப்பொருளும் மின்சாரத்தைக் கடத்துகிற உலோகம். திரியும் எலெக்ட்ரான்களின் உந்தங்களை வரைந்தால், நிரம்பிய நிலைகளுக்கும் காலியான நிலைகளுக்கும் எல்லையாக வரும் பரப்பை ஃபெர்மி பரப்பு என்பார்கள். அதில் துளைகளின் (எலெக்ட்ரான் இல்லாத காலியிடங்களின்) பகுதியை நகர்த்தி எலெக்ட்ரான்களின் பகுதிமேல் வைத்தால் ஏறக்குறையப் பொருந்துகிறது. நகர்த்திய தொலைவும் அணிவகுப்பின் அலைநீளத்துக்கு ஒத்துவருகிறது. திரியும் எலெக்ட்ரான்களின் கட்சி வென்றுவிட்டது என்றே பலர் நினைத்தார்கள்.

இரும்பு டெல்லுரைடில் கணக்கு உதைத்தது. ஃபெர்மி பரப்பு ஏறக்குறைய அதே வடிவம். அணிவகுப்போ வேறு திசையில், இரட்டை வரிசைகளாக நிற்கிறது. அணுவின் பங்கும் சுமார் 2 மாக்னெட்டான். இந்த ஒரு பொருளைக் கவனமாகப் பார்த்த எவரும் ஃபெர்மி பரப்பின் பொருத்தமே முழு விளக்கம் என்று சொல்ல மாட்டார்கள். அதற்காக, எலெக்ட்ரான்கள் முழுக்க அணுவில் உறைந்துவிட்டன என்று எதிர்ப்பக்கம் தாவவும் முடியாது. ஆர்செனைடுகளின் உலோகத் தன்மையும் சிறிய காந்தமும் அதற்கு இடம் தராது.

விடை ஹுண்டின் விதியில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இரும்பின் ஐந்து டி ஆர்பிட்டால்களில் (அணுவில் எலெக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஒருவகை நிலைகளில்) சுமார் ஆறு எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. வெவ்வேறு ஆர்பிட்டால்களில் இருப்பவை தம் சுழற்சியை (ஸ்பின், அதாவது எலெக்ட்ரானைச் சிறு காந்தமாக்கும் பண்பை) ஒரே திசையில் வைத்துக்கொள்ளவே விரும்பும் என்பதுதான் அந்த விதி. எலெக்ட்ரான் அடுத்த அணுவுக்குத் தாவிக்கொண்டே இருந்தாலும், அணுவில் இருக்கும் கணத்தில் இந்த ஒற்றுமை காந்தத்தை உண்டாக்கிவிடுகிறது. 2009-இல் ஹாவ்லே, கோட்லியார் என்ற இயற்பியலாளர்கள் இதைக் கணக்கிட்டு வலியுறுத்தினார்கள். அணிவகுப்பு கலைந்த வெப்பநிலையிலும் கணப்பொழுதுக் காந்தத்தைப் பிடிக்கும் எக்ஸ் கதிர் உமிழ்வுச் சோதனைகள் அணுவில் கணிசமான காந்தத்தைக் காண்கின்றன. நியூட்ரான்களைச் சிதறவைத்து அணிவகுப்பைப் பார்க்கும் நியூட்ரான் விளிம்புவளைவு ஆர்செனைடுகளில் காட்டும் சிறிய எண், நேரத்தில் சராசரியாகி எஞ்சிய நிலையான பகுதி மட்டுமே.

ஆகவே, காந்தம் பிறப்பதையும் அது அணிவகுப்பதையும் பிரித்துக் கேளுங்கள். பிறப்பு அணுவுக்குள் நடக்கிறது. எந்தத் திசையில், எந்த வரிசையில் நிற்பது என்பதை ஃபெர்மி பரப்பும், ஆர்செனிக் அல்லது டெல்லூரியம் வழியே அண்டை அணுக்கள் கொள்ளும் பிணைப்பும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. அது பொருளுக்குப் பொருள் மாறும். இரும்பு செலினைடில் சாதாரண அழுத்தத்தில் காந்த அணிவகுப்பே கிடையாது. ஆனால் நியூட்ரான்களைச் செலுத்திப் பார்த்தால் வலுவான சுழற்சி அலைவுகள், அதாவது ஒரு திசையில் நிலைக்காமல் மாறிக்கொண்டே இருக்கும் காந்தம், தெரிகின்றன. அழுத்தத்தைக் கூட்டினால் அணிவகுப்பும் வந்துவிடுகிறது.