பிரிட்டனில் நர்ஸ் வேலைக்கு ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதினால் ரைட்டிங்கில் மட்டும் ஏன் தவறுகிறது?

வார்டில் நன்றாக வேலை பார்ப்பவர்களுக்கும் இது நடக்கிறது. அங்கு நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சி-யில் பதிய, கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 350 வேண்டும். ரைட்டிங்கில் 300 போதும். வரம்பு குறைவுதான், ஆனாலும் பலர் சறுக்குவது இங்கேதான்.

மொத்தம் 45 நிமிடம். முதல் 5 நிமிடம் நோயாளியின் குறிப்புகளைப் படிக்க மட்டும், பேனாவைத் தொடக்கூடாது. பிறகு 180 முதல் 200 சொல்லில் ஒரு கடிதம். கேஸ் ஷீட்டை வரி விடாமல் எழுதிப் பழகிய கை இங்கேயும் எல்லாவற்றையும் அள்ளிப் போடுகிறது. அதுதான் கோளாறு.

காலில் ஆறாத புண்ணுடன் வீடு திரும்புபவரைப் பற்றி, வீட்டுக்கு வந்து கட்டுப் போடும் நர்ஸுக்கு எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். சர்க்கரை நோயைச் சொல்லாமல் விடக்கூடாது, புண் ஆறுவதே அதைப் பொறுத்தது. பத்து வருடத்துக்கு முன் எடுத்த குடல்வால் பற்றிய தகவல் அந்த நர்ஸுக்கு எதற்கு? எதற்காக எழுதுகிறீர்கள் என்பது முதல் பத்தியிலேயே வர வேண்டும். 'Pt c/o pain' (நோயாளி வலி இருப்பதாகச் சொல்கிறார்) என்ற வார்டுச் சுருக்கெழுத்தை முழு வாக்கியமாக்குங்கள்.

அதே பதிவுக்கு அடுத்து வரும் கணினித் தேர்வான சிபிடி-யில் 15 கணக்கு, 30 நிமிடம். 500 மில்லி டிரிப், 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு என்றால் 10,000-ஐ 240-ஆல் வகுக்க வேண்டும்: நிமிடத்துக்கு 42 சொட்டு. மணியை நிமிடமாக்க மறந்தால் விடை 2,500. அப்படி ஒரு டிரிப் ஓடவே ஓடாது.