கோயிலில் தாலி கட்டியவர் இப்போது டிஎன்ஏ கேட்கிறார்

கேள்வி: எஸ்டேட் கோயிலில் எங்கள் கல்யாணம் நடந்தது, பதிவு செய்யவில்லை. மகன் பிறந்தபோது அவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். நான் மட்டும் போய்ப் பதிந்ததால் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இல்லை. அடுத்த வருடம் மகன் பள்ளியில் முதலாம் ஆண்டு. குடியுரிமையே போய்விடும் என்று லயத்தில் பயமுறுத்துகிறார்கள். அவரோ தாயார் பேச்சைக் கேட்டு, "டிஎன்ஏ எடு, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். எடுத்தால் பெயர் வந்துவிடுமா?
- வாசகி, குளுவாங், மலேசியா

பதில்: தங்கச்சி, முதலில் பயத்தை விடுங்கள். பெற்றோரின் கல்யாணம் பதிவாகாத பிள்ளைக்குக் குடியுரிமை தாய் வழியாகத்தான் வருகிறது. நீங்கள் நீல ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் மலேசியக் குடிமகள் என்றால், இங்கே பிறந்த உங்கள் மகனும் குடிமகன்தான். தமிழ்ப் பள்ளியில் தைரியமாகப் பதியுங்கள்.

சோதனை எடுத்த உடனே பெயர் வந்துவிடாது. 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டு, "நான்தான் அப்பா" என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மனசு அவருக்கு வர சோதனை உதவுமென்றால் எடுங்கள். ஊசி கிடையாது, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பார்கள். பிள்ளையின் மரபணுவில் பாதி உங்களுடையது. மீதிப் பாதி அவருடையதோடு பொருந்தினால், அவர்தான் தகப்பன் என்பதற்குப் பெரும்பாலும் 99.99 சதவீதம் என்று முடிவு வரும்.

ஆனால் இணையத்தில் விற்கும் பெட்டியை மட்டும் வாங்காதீர்கள். யாருடைய எச்சிலை யார் எடுத்தார் என்பதற்குச் சாட்சி இல்லாததால், அந்த முடிவு நீதிமன்றத்தில் நிற்காது. வழக்கறிஞர் வழியாகப் போங்கள். அடையாளம் சரிபார்த்து, சாட்சி முன்னிலையில் எடுத்து, முத்திரை வைத்து அனுப்ப வேண்டும்.

அவர் ஒதுங்கினால்? 1950ஆம் ஆண்டின் ஜீவனாம்சச் சட்டப்படி, கல்யாணம் பதிவாகாவிட்டாலும் பிள்ளைக்காக மாதச் செலவு கேட்டு நீங்கள் வழக்குப் போடலாம். அவர்தான் தகப்பன் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். அவர் பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் செய்தி, கல்யாணப் படம் எதையும் அழிக்காதீர்கள். வசதி இல்லையென்றால் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவில் கேளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பத்திரத்தில் அப்பா பெயர் ஏறினால் மட்டும் அவர் சொத்தில் பிள்ளைக்கு வாரிசுரிமை வந்துவிடாது. 1982 மார்ச் 1 முதல் நம் கல்யாணங்களைச் சட்டப்படி பதிய வேண்டும், தாலி மட்டும் போதாது. எத்தனை பெண்கள் இதில் மாட்டிக்கொண்டு அழுகிறார்கள்! நீங்கள் இருவரும் மறுபடி சேர்வதாக இருந்தால் முதல் வேலையாகக் கல்யாணத்தைப் பதியுங்கள். பிள்ளைகளின் முறைமை பற்றிய 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிந்த நாளிலிருந்து மகன் முறையான பிள்ளையாகிவிடுவான்.

அப்புறம், அவன் காதுபட இந்தப் பேச்சே வேண்டாம். பாட்டி ஆரம்பித்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். சோதனைக்குப் போகிற அன்று, டாக்டர் வாயைப் பார்க்கப்போகிறார் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போங்கள்.