62.5 கேவிஏ ஜெனரேட்டரை எரிவாயுவுக்கு மாற்றலாமா?

நண்பரே, நூற்பாலையிலிருந்து வாங்கிய 62.5 கேவிஏ டீசல் ஜெனரேட்டரைச் சமையல் எரிவாயுவுக்கு மாற்றி ஏற்காட்டு வீட்டு நிலவறையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது; அழுத்தச் சூட்டில்தான் எரிபொருள் பற்றுகிறது. முழுக்க வாயுவில் ஓட்ட வேண்டுமானால் சிலிண்டர் ஹெட்டைக் கடைந்து பிளக் பொருத்தி, பிஸ்டனை மாற்றி அழுத்த விகிதத்தைக் குறைக்க வேண்டும். அந்தச் செலவுக்குச் சின்ன ஜெனரேட்டரே வந்துவிடும். டீசலோடு வாயுவைக் கலந்து ஓட்டும் முறையும் உண்டு. அதற்கு நல்ல சுமை, அதாவது ஜெனரேட்டரிலிருந்து நிறைய மின்சாரம் இழுக்கும் சாதனங்கள், வேண்டும்.

உங்கள் சிக்கலே சுமைதான். அந்த இயந்திரம் சுமார் 50 கிலோவாட் தரும். ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவதால் சற்றுக் குறையும், அவ்வளவுதான். ஃபிரிட்ஜ், ஒரு குதிரைத்திறன் மோட்டார், விளக்குகள் எல்லாம் சேர்ந்தாலும் 5 கிலோவாட்டை எட்டுவது கடினம். முழுத் திறனில் 30 சதவீதத்துக்கும் கீழான சுமையில் நெடுநேரம் ஓடினால் எரியாத டீசல் கரிப்பிசுக்காகப் புகைக்குழாய் இணைப்புகளில் கசியும். விரலால் தொட்டுப் பாருங்கள், இப்போதே ஒட்டினாலும் ஒட்டும்.

வீட்டு சிலிண்டரை எஞ்சினுக்கு இணைப்பது சட்டவிரோதம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் நிலவறையில் அப்படியே தேங்கும்.

விற்றுவிட்டு 10 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் வாங்குங்கள். பழையதை வாங்கிக்கொள்வார்களா என்று சேலத்தில் கல்குவாரிக்காரர்களிடம் விசாரியுங்கள். பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்பார், கொடுத்துவிடாதீர்கள்.