பீரோவில் கிடக்கும் கவர்கள்

கேள்வி: எனக்கு 25 வயது. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை, கைக்கு 32,000 ரூபாய் வருகிறது. அக்காவைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டில் நானும் அம்மாவும்தான். மாதம் 8,000 ரூபாய் மிச்சம் பிடிக்க முடியும். டிவிடெண்ட் (கம்பெனி தன் லாபத்தில் பங்குதாரருக்குக் கொடுக்கும் பணம்) தரும் பங்குகளாக வாங்கிச் சேர்த்து, மாதம் 5,000 ரூபாய் தானாக வரும்படி செய்ய ஆசை. 400 சதவீதம் டிவிடெண்ட் தரும் கம்பெனிகள்கூட இருக்கிறதாமே? எதில் தொடங்கலாம்? ஆறு வருடம் முன்பு இறந்துபோன அப்பாவும் ஏதோ பங்கு வாங்கியவர்தான். அவர் பெயருக்கு இன்னமும் கவர்கள் வருகின்றன, பிரிக்காமல் பீரோவில் போட்டு வைத்திருக்கிறோம்.

பதில்: தம்பி, பங்கு அப்புறம். முதலில் அந்தக் கவர்கள்.

ஆறு வருடமாக அப்பா பெயருக்குத் தபால் வருகிறது, வாங்கி பீரோவில் போடுகிறீர்கள். அம்மாவுக்கு அதைப் பிரிக்க மனம் வராது, புரிகிறது. உங்களுக்கு என்ன வந்தது? டிவிடெண்டுக்கு ஆசைப்படும் பிள்ளையின் வீட்டு பீரோவிலேயே டிவிடெண்ட் தூங்குகிறது. இதே கதையை வேறு வேறு ஊர்களிலிருந்து படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

யாரும் வாங்காத டிவிடெண்டைக் கம்பெனி தனிக் கணக்கில் ஏழு வருடம் வைத்திருக்கும். அதற்கு மேல் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழு வருடம் கேட்பாரில்லை என்றால் பங்குகளும் கூடவே போகும். பங்குகளை அனுப்புவதற்கு மூன்று மாதம் முன்னால் பங்குதாரரின் முகவரிக்குக் கடிதம் போட வேண்டும் என்பது விதி. அந்தக் கடிதம் வந்துவிட்டதா, இனிமேல்தானா? உங்கள் பீரோவுக்குத்தான் தெரியும். போன பிறகும் அந்த நிதிக்கு ஐஇபிஎஃப்-5 என்ற படிவம் கொடுத்துத் திரும்பக் கேட்கலாம், அலைச்சல் அதிகம்.

கவருக்குள் கம்பெனி பெயர், ஃபோலியோ எண் (பங்குதாரரின் கணக்கு எண்), ரெஜிஸ்ட்ரார் (கம்பெனிக்காகப் பங்குதாரர் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம்) முகவரி எல்லாம் இருக்கும். டிவிடெண்டுக்காகக் கம்பெனி அனுப்பும் காசோலை போன்ற பழைய டிவிடெண்ட் வாரண்ட் இருந்தால் வங்கிக்கு ஓடாதீர்கள், அதற்கு ஆயுள் மூன்று மாதம்தான். அப்பாவின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கையில் வைத்துக்கொண்டு ரெஜிஸ்ட்ராருக்கு எழுதுங்கள், மற்ற படிவங்களை அவர்கள் சொல்வார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். காகிதப் பத்திரமாக இருந்தாலும் வாரிசு பெயருக்கு மாற்றத் தடையில்லை. மாறும்போது டீமேட் கணக்குக்குத்தான், அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்குக்குத்தான் வரும்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தாயிற்று என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே, அதையும் விடுவதாக இல்லை. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் அக்காவுக்கும் உங்களுக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. நாமினி, அதாவது தனக்குப் பிறகு பெற்றுக்கொள்ள அப்பா குறித்துவைத்தவர் என்று உங்கள் பெயரே இருந்தாலும், நாமினி சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எவ்வளவு பணம் என்று சொல்லாமலே அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் தம்பிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அது திருட்டு. மதிப்பைச் சொல்லிவிட்டு அப்புறம் பேசுங்கள். என்னைக் கேட்டால், பிள்ளைகள் இருவரும் விட்டுக்கொடுத்து எல்லாவற்றையும் அம்மா பெயருக்கே மாற்றிவிடலாம். புருஷன் சேர்த்தது அவர் கணக்கில் விழட்டும். மகனிடம் கை நீட்டாமல் ஒரு புடவை எடுக்கட்டும்.

சரி, உங்கள் கேள்வி. 400 சதவீதம் என்பது முகமதிப்பின் மேல், அதாவது சந்தை விலை அல்ல, பங்குக்குக் கம்பெனி குறித்த மதிப்பின் மேல் போடும் கணக்கு. முகமதிப்பு 1 ரூபாய் என்றால் வருவது 4 ரூபாய். அந்தப் பங்கைச் சந்தையில் 400 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தால் உங்களுக்குக் கிடைத்தது 1 சதவீதம். மாதம் 5,000 என்றால் வருடத்துக்கு 60,000. 4 சதவீதம் கொடுக்கும் பங்குகளாகவே பார்த்து வாங்கினாலும் 15 லட்சம் வேண்டும். உங்கள் 8,000 மட்டும் அந்தத் தொகையைத் தொட பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும். வருகிற டிவிடெண்டையும் திரும்பப் போட்டால் கொஞ்சம் முன்னால். மாதாமாதம் வரும் என்ற நினைப்பையும் விடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, நடுவில் இடைக்கால டிவிடெண்ட் ஒன்றிரண்டு, அவ்வளவுதான். கோல் இந்தியா, பவர் கிரிட், ஐடிசி என்று வழக்கமாகக் கொடுத்துவரும் கம்பெனிகள் உண்டு. கொடுத்தே தீர வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் விதிக்கவில்லை. டிவிடெண்டுக்காக முதல் நாள் வாங்கி மறுநாள் விற்கும் வித்தையும் பலிக்காது, எக்ஸ்-டேட் அன்று (அன்று முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது) பங்கு விலையும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கித்தான் தொடங்கும். 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக் கணக்குக்கும் வருகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்காவை வரச் சொல்லுங்கள். மூன்று பேருமாக உட்கார்ந்து கவர்களைப் பிரியுங்கள். அம்மா அழுதால் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசியாக வந்த கவரை முதலில் பிரியுங்கள். கெடு எதுவும் இருந்தால் அதில்தான் இருக்கும்.