அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

அம்மா, மகளை எந்தக் கல்லூரிப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்ட உங்கள் கடிதத்தில் உங்கள் அண்ணன் சொன்னது ஒரு பக்கம், மகளைப் பற்றி நாலே வரி. பயப்படாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முக்கால் ஏக்கரை அடமானம் வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கப் போவதாகப் படித்ததும் மனம் மாறிவிட்டது. வேண்டாம். கணினியை வெறுக்கும் பெண்ணுக்காக வாங்கும் கடனை எந்த வளாக நேர்காணல் அடைக்கும்?

அந்த நாலு வரிக்கு வருகிறேன். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்ற ஊரின் பக்கத்து ஓடைகளில் அவள் பொறுக்கி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்திருக்கும் தோட்டா போன்ற கற்கள் பெலம்னைட்டாக இருக்கலாம். அது கணவாய் மீனுக்கு உறவான, அழிந்துபோன ஓர் உயிரின் உள் ஓடு. பெரம்பலூர், அரியலூர் மண் சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்தது. 1860களிலேயே பிளான்போர்டு என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இந்தப் பாறைகளைப் பிரித்து எழுதியிருக்கிறார். இதைப் படிக்கும் படிப்புதான் ஜியாலஜி, அதாவது நிலவியல். உங்கள் அண்ணன் நினைப்பதுபோல் வரைபடத்தில் ஊர் குறிக்கும் புவியியல் அல்ல.

அதில் ஒரு பிரிவு, பழைய கடலைப் பாறையிலிருந்து படிப்பது. செத்த சிப்பியை அலை எங்கு வேண்டுமானாலும் இழுத்துப் போகும். கடலடி உயிர் மண்ணில் தோண்டிய வளையை இழுத்துப்போக முடியாது. அது தோண்டிய இடத்திலேயே கல்லாகிறது. ஆகவே வளை பொய் சொல்லாது. மணற்கல்லில் விரல் பருமனுள்ள குழாய், வெளிச்சுவரில் சிறு உருண்டைகள் ஒட்டியதுபோல் கரடுமுரடு. அதற்கு ஒஃபியோமார்ஃபா என்று பெயர். மணல் சரியாமலிருக்க இறால் வகை உயிர் ஒன்று சுவருக்குச் சேற்று உருண்டை பூசியிருக்கிறது. மணல் சரிகிறதென்றால் பெரும்பாலும் அலையடிக்கும் ஆழமில்லாத கடல். மாறாக, நுண்ணிய களிப்பாறையில் வேர்போல் கிளைத்த மெல்லிய வளைகள் மட்டும் நிறைந்திருந்தால், அடியில் பிராணவாயு குறைவாக இருந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். ஒரே தடயத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மணலின் பருமன், அடுக்கின் சாய்வு, மேலும் கீழும் உள்ள பாறை எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்பீர்கள். இதே வயதுப் பாறைகள் காவிரி டெல்டாவுக்கு அடியில் ஆழத்தில் கிடக்கின்றன. ஓஎன்ஜிசி அங்கேதான் துளையிடுகிறது. கிணற்றிலிருந்து எடுக்கும் கல் உருளை கைப்பிடி அகலம்தான். அதில் பெரிய சிப்பி முழுதாகக் கிடைப்பது அரிது. வளையின் குறுக்குவெட்டு கிடைக்கும். மணல் எந்தப் பக்கம் விரிந்திருக்கும், எண்ணெய் எங்கே தேங்கும் என்பதைக் கணிக்க அதுவும் உதவும்.

கசப்பையும் சொல்கிறேன். பி.எஸ்சி. மட்டும் போதாது, எம்.எஸ்சி. கட்டாயம். யுபிஎஸ்சியின் புவி அறிவியலாளர் தேர்வுக்கு முதுகலைதான் தகுதி. இடங்கள் குறைவு, ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். வெயிலில் சுத்தியலோடு நடக்க வேண்டும். ஐந்து வருடம் பொறுக்க முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். திருச்சி, சேலம், சென்னைக் கல்லூரிகளில் இளநிலை நிலவியல் இருக்கிறது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அடமானப் பேச்சே எழாது. எம்.எஸ்சி.க்கு ஜேம் தேர்வு எழுதி ஐஐடிக்கும் போகலாம்.

சேர்க்கும் முன் ஒரு வேலை: ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் பாட்டிலோடும் ஒரு நோட்டோடும் அவளைக் காரை ஓடையில் விடுங்கள். நீங்களும் கூட இருங்கள். கல்லை எடுக்க வேண்டாம், பார்த்ததை வரையட்டும். மதியத்துக்குள் வீட்டுக்குப் போகலாம் என்றால் என் பேச்சை மறந்துவிடுங்கள். சாயங்காலம் வரை நகரவில்லை என்றால் அண்ணனின் கைபேசி எண்ணை எனக்கு அனுப்புங்கள், நானே பேசிக்கொள்கிறேன்.