மேபிளவர் கப்பலில் வந்த குடும்பத்தின் வாரிசு என்பதை எப்படிச் சரிபார்ப்பது?

உங்கள் உறவினர் ஒருவர் மணந்திருக்கும் அமெரிக்கப் பெண், 1620இல் மேபிளவர் கப்பலில் வந்து இன்றைய மாசசூசெட்ஸில் உள்ள பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பத்தின் வழிவந்தவர் என்று சொல்லப்படுவதைச் சரிபார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். என் மருமகனின் தாய்வழியும் அதே கப்பலில் வந்த ஜான் ஹவ்லண்ட், எலிசபெத் டில்லி தம்பதியிடம் போய்ச் சேர்கிறது. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்பதற்காக அந்த வழியை அவரும் நானும் தலைமுறை தலைமுறையாக ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம்.

தேடலைக் கப்பலிலிருந்து தொடங்காதீர்கள். புகழ்பெற்ற மூதாதையரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தால், ஒரே பெயருள்ள யாரோ ஒருவரிடம் போய் முடிவது மிக எளிது. இன்று உயிரோடு இருப்பவரின் பிறப்புச் சான்றிதழை எடுத்துவைத்து, அங்கிருந்து தாய், பாட்டி, பூட்டி என்று மேலே செல்ல வேண்டும். இன்னார் இன்னாரின் மகள் என்பதற்கு ஒவ்வொரு படியிலும் ஓர் ஆவணம் வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் அதற்கு மேல் உள்ளவர்கள் உங்கள் மூதாதையர் என்று சொல்ல இயலாது.

மாசசூசெட்ஸில் 1841 முதல் மாநில அளவிலான பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் இருப்பதால் அதுவரை போவது பெரும்பாலும் சிரமமில்லை. கடினமான பகுதி அதற்கு முந்தைய அரை நூற்றாண்டு. அமெரிக்கப் புரட்சிப் போருக்குப் பின் பல குடும்பங்கள் வெர்மான்ட், மேற்கு நியூயார்க் என்று நகர்ந்துவிட்டன. புதிய ஊர்களில் பதிவேடுகள் ஒழுங்காக இல்லை. 1850க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு. 1850இல் வீட்டில் உள்ள அனைவர் பெயரும் வருகிறது என்றாலும், யார் யாருக்கு என்ன உறவு என்பது 1880 கணக்கெடுப்பில்தான் எழுதப்பட்டது. இந்த இடைவெளியை நிரப்புபவை உயில்களும் நிலப் பத்திரங்களும்தான். பெண்வழியாகச் செல்லும்போது அவை இன்னும் இன்றியமையாதவை. 1672இல் எழுதப்பட்ட ஜான் ஹவ்லண்டின் உயில், ஜான், ஜோசப், ஜேபஸ், ஐசக் ஆகிய நான்கு மகன்களையும், டிசயர் கோரம், ஹோப் சிப்மன், லிடியா பிரவுன் என்று கணவர் குடும்பப் பெயரோடு ஆறு மகள்களையும் குறிப்பிடுகிறது. அந்த ஒரே ஆவணத்தால் பத்துப் பிள்ளைகளின் வழியும் உறுதியாகிறது.

கல்லில் வெட்டப்பட்டிருப்பதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது என்பதையும் இதே குடும்பம் காட்டுகிறது. ஹவ்லண்டின் மனைவி எலிசபெத், பிளிமத் காலனியின் முதல் ஆளுநர் ஜான் கார்வரின் மகள் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் பிளிமத் கல்லறைக் குன்றில் சந்ததியினர் நாட்டிய நினைவுக்கல்லிலும் அப்படியே பொறித்தார்கள். அதே கப்பலில் வந்து பின்னர் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட் எழுதிய காலனி வரலாற்றின் காணாமற்போன கையெழுத்துப் பிரதி 1855இல் லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹாம் நூலகத்தில் அடையாளம் காணப்பட்டபோது, அதிலிருந்த பயணிகள் பட்டியல் எலிசபெத்தை ஜான் டில்லியின் மகள் என்று தெளிவாகச் சொன்னது. பெட்ஃபோர்ட்ஷயரின் ஹென்லோ தேவாலயப் பதிவேட்டில் 1607ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவும் இருக்கிறது. அன்போடு நாட்டிய கல்தான். ஆனாலும், இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்களின் நம்பிக்கையை விட உடன் வாழ்ந்தவர் எழுதிய ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

தேதிகளில் மிகுந்த கவனம் வேண்டும். இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் 1752 வரை ஆண்டுக் கணக்கு மார்ச் 25இல்தான் மாறியது. பார்ன்ஸ்டபிளில் உள்ள ஹோப் சிப்மனின் கல்லறைக்கல்லில் ஜனவரி 8, 1683 என்று வெட்டியிருக்கிறது; நம் கணக்கில் அது 1684. இதை அறியாதவர்கள் ஒருவரையே இரண்டு பேராக்கிவிடுவதும், தாய் இறந்த பிறகு பிள்ளை பிறந்ததாக எழுதிவிடுவதும் உண்டு.

குடும்பப் பெயரை மட்டும் நம்பவும் கூடாது. ஜானின் சகோதரர்கள் ஆர்தர், ஹென்றி இருவரும் பின்னர் வந்து அதே காலனியில் குடியேறினார்கள். ஆகவே ஹவ்லண்ட் என்ற பெயருள்ள பலர் மேபிளவர் பயணியின் வாரிசுகள் அல்லர். தந்தைவழி மரபணுச் சோதனையும் இங்கே கைகொடுக்காது. மூன்று சகோதரர்களுக்கும் ஒரே தகப்பன் என்பதால் மூவர் வழியிலும் அது ஒன்றாகவே இருக்கும். ஆவணம் மட்டுமே அவர்களைப் பிரித்துக் காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் 1627ஆம் ஆண்டின் கால்நடைப் பங்கீடு. காலனியின் மாடுகளையும் ஆடுகளையும் பிரித்துக்கொள்வதற்காக மக்களைப் பதின்மூன்று பேர் கொண்ட பன்னிரண்டு குழுக்களாக்கி, குழந்தைகள் உட்பட ஒவ்வொருவர் பெயரையும் எழுதிவைத்தார்கள். நான்காம் பங்கில் ஹவ்லண்ட், எலிசபெத், அவர்களுடைய பிள்ளைகள் ஜான், டிசயர் ஆகியோர் வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஜேக்கப் என்ற கப்பலில் வந்த ராக்ஹார்ன் என்னும் கிடாரி. ஒரு கிடாரியைப் பங்கு போட எழுதிய தாள், அந்த ஆண்டில் யார் உயிரோடு இருந்தார்கள், எந்தக் குழந்தை பிறந்திருந்தது என்பதற்கு இன்று முதன்மையான சான்றாக நிற்கிறது.

பழைய அச்சு நூல்களில் உள்ள கொடிவழிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்தாவ் அஞ்சூ என்பவர் பணம் வாங்கிக்கொண்டு பல குடும்பங்களுக்குப் பொய்யான மரபுகளை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவை இன்றும் இணையக் குடும்ப மரங்களில் ஆதாரமின்றி நகலெடுக்கப்படுகின்றன.

1897இல் தொடங்கப்பட்ட மேபிளவர் வாரிசுகள் சங்கம், பயணிகளின் முதல் ஐந்து தலைமுறைகளை ஆவணங்களோடு ஆராய்ந்து தொகுதிகளாக வெளியிட்டுள்ளது. பாஸ்டனில் 1845இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து வம்சாவளிக் கழகத்தின் ஆய்வுகளும் நம்பத்தக்கவை. ஆகவே உங்கள் உறவினர் தாமே நிறுவ வேண்டியது ஐந்தாம் தலைமுறைக்குப் பிற்பட்ட பகுதியை மட்டுமே. முதலில் அந்தப் பெண்ணின் பாட்டியுடைய திருமணச் சான்றிதழைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மாசசூசெட்ஸில் நடந்த திருமணமாக இருந்தால் மணமக்கள் இருவருடைய பெற்றோர் பெயர்களும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அடுத்த படிக்குப் போக அது போதும்.